பழங்கறிக்குச் சூடு காட்டுகிறவள்

தோப்பூர்
12.4.1942

பூரணத்துக்கு,

சுகம் கேட்டு எழுதுகிற நேரம் இல்லை இது. வியாழக்கிழமை காலமை கடலுக்கு அந்தப் பக்கம் இடி இடித்தது. வயலுக்குள் நின்ற இவர், மழை வரப்போகிறது என்று மாட்டை அவிழ்க்க ஓடினார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பிறகு உங்கள் பக்கம் கரும்புகை எழும்பித் தெரிந்தது. 

அன்றிலிருந்து மூதூரில் வந்து இறங்குகிற சனத்துக்குக் கணக்கில்லை. பெட்டியோடு ஒருத்தி, கோழியோடு ஒருத்தி, ஒன்றுமே இல்லாமல் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு ஒருத்தி. ஒவ்வொரு லாஞ்சிப் படகுக்கும் இவரை இறங்குதுறையில் கொண்டுபோய் நிறுத்தினேன். உங்கள் மூன்று பேரில் ஒருவரும் வரவில்லை. ஊரே ஓடி வந்திருக்கிறது, உன்னை மட்டும் அங்கே என்ன பிடித்து வைத்திருக்கிறது?

சல்லிக் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்த என் தம்பியை நீ துறைமுகக் கூலிக்கு அனுப்பினபோதே நான் சொன்னேன். சரி, அந்தக் கதை இப்போது வேண்டாம். எழுதிவிட்டேன், அழிக்கவும் மனம் இல்லை.

தபாலை நம்பேலாது. மூதூர் வியாபாரி ஜெமீல் காக்கா லாஞ்சியில் போய்வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவரிடமே பதில் கொடு. தம்பி கதிரவேலை இரண்டு வரி எழுதச் சொல்லு. நீ எழுதினால் போதாது. அவன் எழுத்தைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

உன் மச்சாள்
கனகம்மா


துறைமுக வீதி, திருகோணமலை
14.4.1942

அன்புள்ள மச்சாளுக்கு,

வருசப் பிறப்பு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. தலைக்கு மருத்துநீர் வைக்கக் கோயிலில் ஐயரும் இல்லை.

அவர் எழுத்து இதில் இல்லை என்று பார்த்தவுடனேயே உங்களுக்கு விளங்கியிருக்கும். வியாழக்கிழமை விடியப் போனவர் இன்னும் வரவில்லை. கப்பலில் இருந்து சாமான் இறக்குகிற வத்தைப் படகில்தான் அன்று அவருக்கு வேலை. போய்க் கொஞ்ச நேரத்தில் விமானங்கள் வந்தன. நானும் பிள்ளை தங்கேசும் வேலிக்கரை வாய்க்காலுக்குள் படுத்துக் கிடந்தோம். எழும்பிப் பார்த்தபோது துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் எரிந்துகொண்டிருந்தது. அன்று முழுக்க எரிந்தது.

பயப்பட ஒன்றும் இல்லை மச்சாள். துறைமுகத்தில் நின்ற ஆட்கள் எல்லாரும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினவர்கள். கந்தளாய்க் காட்டுக்குள் எத்தனையோ பேர். நேற்றும் எங்கள் ஒழுங்கையால் ஒருவர் திரும்பி வந்தார், காலெல்லாம் முள்ளுக் கீறல். இவரும் அப்படித்தான் வருவார். வந்து பார்க்கும்போது வீடு பூட்டிக் கிடந்தால் என்ன நினைப்பார்? அதற்காகத்தான் நான் வரவில்லை. அயலில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. நாயும் நாங்களும்தான்.

புதன்கிழமை பின்னேரம் சல்லியில் இருந்து நல்ல பாரை மீன் வந்தது. பால்கறி வைத்தேன். மூன்று பேரும் சாப்பிட்டுப் பாதி மிச்சம். "இதை ஒருத்தருக்கும் குடுத்திடாதை, நாளைக்கு மத்தியானம் வந்து பழங்கறியாத் தின்னோணும்" என்று சொன்னார். மீன்கறி என்றால் அடுத்த நாள்தான் அவருக்கு ருசி, உங்களுக்குத் தெரியும்தானே. அந்தக் கறியை இன்னும் வைத்திருக்கிறேன். காலமையும் பின்னேரமும் தணலில் வைத்துச் சூடு காட்டுகிறேன். பொழுதுபட முதல் காட்டிவிட வேணும். இருட்டினால் நெருப்பு வெளிச்சம் தெரியக் கூடாது என்று காவல்காரன் வந்து கத்துகிறான்.

இங்கே இப்போது ஒருத்தரும் மீன் தின்பதில்லை. ஏன் என்று எழுத மாட்டேன். இந்தச் சட்டிக்குள் கிடப்பது அதற்கு முந்தின மீன்.

வந்தவுடன் அவரைக் கொண்டே எழுதுவிக்கிறேன்.

பூரணம்


தோப்பூர்
15.4.1942

பூரணம்,

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். நீ எழுதாமல் விட்டதையும் சேர்த்து வாசித்தேன்.

சனிக்கிழமையே இங்கே எனக்குக் கதை வந்துவிட்டது. மூதூருக்கு ஓடி வந்த ஒருவன் சொன்னானாம், எரிந்த கப்பலோடு அணைத்துக் கட்டியிருந்த வத்தையில் நின்றவர்கள் ஒருவரும் மிஞ்சவில்லை என்று. உன் வாயால் வேறு ஏதும் வரட்டும் என்றுதான் அன்று ஒன்றும் எழுதவில்லை. வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கேலாது பூரணம்.

எனக்கு மட்டும் ஆசையா? அம்மா கண்ணை மூடும்போது அவனுக்கு நடக்கத் தெரியாது. என்ரை இடுப்பில் கிடந்து வளர்ந்தவன். அவனுக்கு அழ எனக்கும் உரிமை இருக்கிறது. உயிர் போனவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்காமல், ஒரு பிடி சோறு வைக்காமல், வந்துவிடுவான் வந்துவிடுவான் என்று சொல்லிக்கொண்டிருந்தால் அவன் எங்கே போவான்? கடற்கரையில் நாய்போல அலைய வேண்டியதுதானா?

சாவு கேட்ட நாளில் இருந்து தீட்டு, துடக்கு. அதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. துடக்கு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, பழைய சட்டி பானை எல்லாம் வெளியே போக வேணும், மீன் மணமே ஆகாது. நீ என்னவென்றால் மீன்கறிக்குச் சூடு காட்டிக்கொண்டிருக்கிறாய். இதை இங்கே ஒருத்திக்கும் நான் சொல்லவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

இவரை அனுப்புகிறேன். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இவரோடு வா. வருகிற சனிக்கிழமை எட்டாம் நாள், எட்டுச் செலவுப் படையலை இங்கே செய்வோம். அந்தச் சட்டியை வேலிக்கு வெளியே கவிழ்த்துவிட்டு வா.

கனகம்மா


துறைமுக வீதி
17.4.1942

மச்சாளுக்கு,

இதை நீங்கள் அனுப்பின வீரசிங்கம் அண்ணையிடமே கொடுத்து விடுகிறேன். நடந்ததை அவரும் சொல்வார். ஆனால் அவர் பாவம், பாதியைத்தான் சொல்வார்.

வந்த மனிசன் முதலில் ஆசுப்பத்திரிக்குப் போனார். பிறகு ஊர் பேர் தெரியாத பிணங்களைத் தாட்ட இடத்துக்குப் போய் நின்று பார்த்தார். மண்ணைப் பார்த்து என்ன தெரியும்? பிறகு இங்கே வந்தார். தண்ணி கொடுத்தேன், குடிக்கவில்லை. நேரே குசினிக்குள் போய்ச் சட்டி மூடியைத் திறந்தார். "பூரணம், இது நாறுது" என்றார். நாறவில்லை மச்சாள். ஒவ்வொரு நாளும் நுனி நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். கொஞ்சம் புளித்திருக்கிறது, அவ்வளவுதான். சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலால் போக வெளிக்கிட்டார். நான் அடுப்புக் கொள்ளியோடு வாசலில் நின்றேன். "வைச்சிட்டுப் போங்கோ அண்ணை" என்றேன். தங்கேஸ் அவர் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குழறினாள். அவர் சட்டியை வைத்துவிட்டு அப்படியே கதிரையில் குந்தி அழுதார். மூத்தவரை நோக்கிக் கொள்ளி பிடித்தது பிழைதான். அதற்கு என்னை மன்னிக்கச் சொல்லுங்கள். சட்டிக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

கேட்ட நாளில் இருந்து துடக்கு என்று எழுதினீர்கள். யார் கேட்டது? யாரிடம் கேட்டது? ஆரோ சொன்னதை ஆரோ கேட்டு, அதை உங்களுக்கு வந்து ஆரோ சொல்லியிருக்கிறார்கள். கண்ணால் கண்ட ஒருத்தர் என் வாசலில் வந்து நின்று என் முகத்தைப் பார்த்து இன்னும் சொல்லவில்லை. சொல்லாத சாவுக்குத் துடக்கு இல்லை மச்சாள். சொல்லும் வரைக்கும் என் அடுப்பு எரியும், என் நெற்றியில் பொட்டு இருக்கும், இந்தக் கறியும் இருக்கும்.

எட்டுச் செலவாம். எட்டு யாருக்கு? உயிரோடு வருகிற மனிசனுக்கு இலை போட்டால் அந்தப் பாவம் உங்களைத்தான் சேரும். வைக்கிறதென்றால் வையுங்கள். நானும் பிள்ளையும் வர மாட்டோம்.

அவர் உங்கள் இடுப்பில் வளர்ந்தவர் என்பது எனக்குத் தெரியும். கலியாணம் முடித்த நாளில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பூரணம்


தோப்பூர்
19.4.1942

பூரணம்,

உன் கடைசி வரிக்கு உன்னோடு பிறகு கதைக்கிறேன். இப்போது கோபப்படப் பலம் இல்லை.

நேற்றுச் சனிக்கிழமை. விடியவே முழுகிச் சமைத்தேன். அவனுக்கு என்னென்ன பிடிக்குமோ எல்லாம் வைத்தேன். மத்தியானம் சாமியறையில் விளக்கைக் கொளுத்தித் தலைவாழை இலையைப் போட்டேன். தண்ணீர் தெளித்தேன். சோற்றை அகப்பையில் அள்ளினேன். இலையில் வைக்கக் கை போகவில்லை பூரணம். உயிரோடு வருகிறவனுக்கு இலை போட்டால் என்று நீ எழுதினாயே, அந்தச் சொல் வந்து கையைப் பிடித்தது. அள்ளின சோறு அகப்பையில் ஆறிக் காய்ந்துபோகும் வரைக்கும் அப்படியே இருந்தேன். இவர் வந்து இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். 

அவன் செத்துவிட்டான் என்று ஊருக்குச் சொன்னவள் நான்தான். ஆனால் இலையில் சோறு வைக்க ஏலாமல் போச்சு. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று சும்மா சொல்லவில்லை.

இவர் வந்து உன் குசினிக் கதையைச் சொன்னார். புளித்திருக்கிறது என்கிறாய். தேங்காய்ப்பால் விட்ட கறி இத்தனை நாள் நின்றதே பெரிசு. நீ சூடு காட்டுகிற விதம் பிழையாக இருக்கும். ஜெமீல் காக்காவிடம், மீன் பழுதாகாமல் இருக்கப் போடுகிற கொறுக்காய்ப்புளி கொஞ்சம் சுற்றித் தந்து விடுகிறேன். இரண்டு துண்டு போடு, மிச்சத்தை வைத்திரு. கொதிக்க விடாதே, கொதித்தால் பால் திரைந்து எண்ணெய் பிரிந்துவிடும். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வந்தவுடன் இறக்கு. சூட்டோடு மூடிவிடாதே. மூடியில் பிடித்த ஆவித் தண்ணி உள்ளே வடிந்தால் அந்தத் தண்ணிதான் பழுதாக்கும். ஆறின பிறகு மூடி உறியில் வை. கரண்டி போடாதே, சிரட்டை அகப்பையால் அடி பிடிக்காமல் மெல்லத் துழாவு. கறி வற்றினால் வெறும் தண்ணி விடாதே. ஒரு கை தேங்காய்ப்பூவைப் பிழிந்து அந்தப் பாலை விட்டு உடனே சூடு காட்டு.

எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

பிள்ளைக்கு அந்தக் கறியைக் கொடுக்காதே. வயிறு தாங்காது.

கனகம்மா


துறைமுக வீதி
20.4.1942

அன்புள்ள மச்சாளுக்கு,

கொறுக்காய்ப்புளி வந்தது. போட்டேன். நீங்கள் சொன்னபடியே குமிழ் வந்தவுடன் இறக்கினேன். மூடியது பிழை என்று எனக்கு இத்தனை வருசமும் தெரியாது. வடிவாக வந்தது, மணமும் மாறிவிட்டது.

மீன் எல்லாம் கரைந்துபோய்விட்டது, முள் தனியாகக் கிடக்கிறது. தலைத்துண்டு மட்டும் முழுதாக இருக்கிறது. பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. நான் ஒவ்வொரு நாளும் சோற்றில் ஒரு அகப்பை விட்டுச் சாப்பிடுகிறேன். குறைகிற அளவுக்குப் பால் பிழிந்து விடுகிறேன். இதே கறிதானா இது, வேறு கறியா என்று சில நேரம் யோசிக்கிறேன். பிறகு யோசிப்பதை விட்டுவிடுகிறேன்.

 உங்களோடு சண்டை பிடித்தாலாவது நெஞ்சுக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் இலையில் சோறு வைக்கவில்லை என்று வாசித்த பிறகு அதுவும் நின்றுபோய்விட்டது. இப்போதுதான் பயமாக இருக்கிறது மச்சாள். நீங்கள் அவர் இல்லை என்று சொல்ல, நான் இருக்கிறார் என்று சொல்ல, அப்படியே நாள் போய்க்கொண்டிருந்தது. இப்போது நீங்களும் என் பக்கம் வந்துவிட்டீர்கள். மற்றப் பக்கத்தில் ஆள் இல்லை. என் மனம் அங்கே போகப் பார்க்கிறது.

தங்கேஸ் நேற்றுக் கேட்டாள், "அம்மா, அப்பா வராட்டி இந்தக் கறியை ஆர் தின்னுறது?" என்று. அடித்துவிட்டேன். பிறகு கட்டிப் பிடித்து அழுதேன். அவளுக்கு ஏழு வயசு.

ஏலுமென்றால் நீங்கள் இங்கே வாருங்கள். செத்தவீட்டுக்கு வருவதுபோல வராமல் சும்மா வாருங்கள். இரண்டு பேருமாக இருந்து பார்ப்போம்.

பூரணம்


தோப்பூர்
21.4.1942

பூரணம்,

மாடு விட்டுச் சூடு மிதித்த நெல் இன்னும் களத்தில் கிடக்கிறது. அது வீட்டுக்கு ஏறினதும் வருகிறேன்.

ஒரு விசயம். கின்னியாவில் முனாப் என்று ஒரு பொடியன் உயிரோடு இருக்கிறானாம். அதே வத்தையில் கதிரவேலோடு நின்றவனாம். கை வெந்துபோய் இத்தனை நாளும் படுக்கையில் கிடந்து இப்போதுதான் எழும்பி நடக்கிறானாம். ஜெமீல் காக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்து என் வாசலில் நின்றார். சொல்ல வாயெடுத்தார். நான் கையை நீட்டி மறித்துவிட்டேன். "என்னட்டைச் சொல்லாதேங்கோ காக்கா. சொல்லுறதெண்டால் அவளுக்கு முதல் சொல்லோணும்" என்றேன்.

அவர் முகத்தையும் நான் பார்க்கவில்லை. திரும்பி நின்றுகொண்டேன். அதனால் எனக்கு ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன், நம்பு.

நடக்கக் கூடியதாக இருந்தால் முனாப் உன்னிடம் வருவான். வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். தம்பியை நான் இடுப்பில் வைத்திருந்தவள்தான். ஆனாலும் கட்டின மனுசி கேட்க வேண்டியதை மனுசிதான் முதலில் கேட்க வேணும்.

கனகம்மா


துறைமுக வீதி
23.4.1942

மச்சாள்,

இந்த வரியோடு நிறுத்திக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிடுங்கள். வீட்டில் என்ன கறி இருந்தாலும் சாப்பிடுங்கள். வீரசிங்கம் அண்ணைக்கும் போடுங்கள். பிறகு வந்து வாசியுங்கள்.

நேற்று மத்தியானத்துக்குக் கிட்ட முனாப் தம்பி வந்தார். படலையைத் திறக்கவில்லை, வெளியிலேயே நின்றார். இடக்கை முழங்கை வரைக்கும் துணி சுற்றியிருந்தது. நான் முற்றத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவர் "அக்கா" என்றார். அவ்வளவுதான், எனக்கு விளங்கிவிட்டது. விளங்குவது வேறு, கேட்பது வேறு. நான் எழும்பி ஓடிப்போய், "தம்பி, வாயைத் திறக்காதேங்கோ. உங்கடை அல்லாவைக் கேட்டுக் கும்பிடுறன், நான் சொல்லுமட்டும் ஒரு சொல்லும் சொல்லாதேங்கோ" என்றேன். அவர் படலையைத் திறந்து உள்ளே வந்து பூவரசுக்குக் கீழே குந்தினார்.

துருவின தேங்காயைப் பிழிந்தேன். சட்டியை உறியில் இருந்து இறக்கித் தணலில் வைத்தேன். நீங்கள் சொல்லித் தந்தபடி மெல்லத் துழாவினேன். நேற்றுக் கறி திரைந்துவிட்டது மச்சாள். எத்தனை கவனமாகப் பார்த்தும் ஓரத்தில் குமிழ் வர முதலே எண்ணெய் தனியாகவும் பால் தனியாகவும் போய்விட்டது. மணமும் மாறிவிட்டது. நான் இறக்கவில்லை. சூடு முழுக்க ஏறவிட்டுத்தான் இறக்கினேன்.

சோறு போட்டேன். பிள்ளைக்குக் கொடுக்காதே என்று எழுதினீர்கள். நேற்று மட்டும் ஒரு வாய் கொடுத்தேன். அப்பாவோடு சாப்பிட்ட கறி, கடைசி வாய் அவளுக்கும் வேணும். முனாப் தம்பிக்குச் சோற்றுக் கோப்பையில் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் என்ன செய்கிறேன் என்று அவருக்கு எப்படியோ விளங்கிவிட்டது. நல்ல கையால் பிசைந்து தின்றார். கண்ணீர் கோப்பைக்குள் விழுந்தது.  மிச்சம் எல்லாவற்றையும் நான் தின்றேன். தலைத்துண்டையும் முள்ளையும் கூடச் சப்பினேன். புளித்துக் கசந்தது. சட்டியை வழித்து வழித்துத் தின்றேன். கலியாணம் முடித்து வந்த நாளில் இருந்து நான் இப்படி வயிறு நிறையச் சாப்பிட்டது இல்லை.

பிறகு கை கழுவினேன். கண்ணாடியில் ஒருதரம் என் முகத்தைப் பார்த்தேன். வெளியே வந்து அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்தேன். "இப்ப சொல்லுங்கோ தம்பி" என்றேன்.

அவர் சொன்னார். எரிந்த கப்பலில் இருந்து எண்ணெய் கடலில் பரந்து பற்றினதாம். இரண்டு பேரும் வத்தையில் இருந்து குதித்தார்களாம். "அண்ணன் எனக்கு முன்னுக்குத்தான் நீந்தினவர் அக்கா. நான் கூப்பிட்டனான். திரும்பிப் பார்த்தவர். பிறகு நெருப்பு மூடிட்டுது" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்க வேணும்போல இருந்தால் இந்தக் கடிதத்தோடு வருகிறவர் அவர்தான், கேளுங்கள்.

மச்சாள், உங்களிடம் சண்டைக்கு நின்றேன். அவர் உங்கள் தம்பி என்பதை மறந்துபோய் நின்றேன். உங்களுக்கு முதலே சொல்ல வந்த சொல்லை எனக்காக வாசலில் வைத்து மறித்தீர்களே, அதற்கு நான் என்ன கைமாறு செய்யப்போகிறேன். அதனால்தான் முதல் வரியை அப்படி எழுதினேன். நீங்கள் சாப்பிட்டிருக்க வேணும் என்று ஆசைப்படுகிறேன்.

துடக்கு நேற்று மத்தியானத்தில் இருந்துதான். எட்டையும் முப்பத்தோராம் நாளையும் அதில் இருந்து எண்ணச் சொல்லுங்கள். சட்டியைப் பின்வளவில் கொண்டுபோய் உடைத்தேன். அடுப்புக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டேன்.

நேற்று அந்த ஒரு வாய்க்குப் பிறகு தங்கேஸ் ஒன்றும் சாப்பிடவில்லை. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, அயலார்தான் சோறு கொண்டு வர வேணும். எங்கள் ஒழுங்கையில் அயல் என்று ஒருத்தரும் இல்லை. கடைகளும் பூட்டு. முனாப் தம்பி பாண் தேடி அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். பிள்ளை பசிக்குது என்று கேட்டுக் கேட்டு இப்போது கேட்பதையும் விட்டுவிட்டாள். நாளைக்கு முதல் லாஞ்சியில் வாருங்கள். உங்கள் அடுப்பும் அணைந்திருக்கும், அயலில் ஆரிடமாவது கேட்டு ஒரு பெட்டி சோறு கொண்டு வாருங்கள். கறி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பூரணம்